விலகல்: எடைக்கணக்கில் வராத சில இரவுகள்

2018 ஏப்ரல் 26 அன்று மத்திய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. டிரமடால் என்னும் வலிநிவாரணி மாத்திரை 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்படுகிறது என்பது அதன் சாரம். ஒரு வேதிப்பெயர், ஒரு வரிசை எண், அவ்வளவுதான். அந்த மாத்திரையை அன்று காலை விழுங்கியவர்கள் மறுநாள் காலை என்ன செய்வார்கள் என்பது பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அரசிதழில் அதை எதிர்பார்க்கக் கூடாதுதான். ஆனால் வேறு எங்காவது அது எழுதப்பட்டிருக்க வேண்டுமல்லவா? தமிழில் நான் தேடிய இடம் எதிலும் அது இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதத்தைப் பள்ளிக்கரணையில் ஒரு வாடகை வீட்டின் பின்னறையில் கழித்தேன்.

2017 மழைக்காலத்தில் வேளச்சேரி - தாம்பரம் சாலையில், சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதியில், தண்ணீருக்கடியில் இருந்த பள்ளத்தில் வண்டியோடு விழுந்தேன். முதுகெலும்பில் வட்டு விலகியது. ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை நடந்தது. ஒரு மாதத்துக்கு என்று எழுதிக் கொடுத்த மாத்திரையை அரை ஆண்டுக்கு மேலாகச் சாப்பிட்டேன். யாரும் தடுக்கவில்லை. சீட்டு கிழிந்துபோனபின் அட்டையைக் காட்டினாலே கடையில் கொடுத்தார்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாயிற்று. வலி குறைந்து வெகு நாளாகியிருந்தது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. மாத்திரை போட்டால் மெய்ப்புப் பார்க்க உட்கார முடிகிறது, போடாவிட்டால் முடியவில்லை. ஆகவே வலி இருக்கிறது என்று தருக்கம் செய்துகொண்டேன். மருத்துவரும் சரி, கடைக்காரரும் சரி, ‘பழக்கம்’ என்ற சொல்லைச் சொன்னதில்லை. படித்தவன், கண்ணாடி போட்டவன், குழந்தை குட்டிக்காரன் - அந்தச் சொல் இப்படிப்பட்டவர்களுக்கு உரியதல்ல.

2018 ஜூனில் ஒருநாள் கடைக்காரர் கையை விரித்தார். “இனிமே அது வராது சார். ரூல்ஸ் மாறிடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் கணக்கு எழுதணும், எவன் வச்சிருப்பான்?” மேடவாக்கம் கூட்டுரோடு வரை நாலு கடை ஏறி இறங்கினேன். நாலிலும் அதே பதில். சரி, விட்டுவிடலாம் என்று வீட்டுக்கு வந்தேன். விட்டுவிடலாம்! மறுநாள் காலை கொட்டாவி வந்தது. நிற்காத கொட்டாவி. மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் வடிந்தது, ஜூன் மாத வெயிலில் மயிர் கூச்செறிந்தது. இரவு கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை, பாயை உதைத்துக்கொண்டே இருந்தன. வயிறு போயிற்று. அதற்கும் மேலே விவரிக்க முடியாத ஒரு பயம், தலைக்குள் மின்சாரம் தொட்டுத் தொட்டு விடுவதுபோல. டெங்குவாக இருக்கும் என்று என் மனைவி சொன்னாள். ரத்தம் எடுத்தார்கள், டெங்கு இல்லை. பதட்டம் என்று எழுதி அனுப்பினார்கள்.

டிரமடால் இரட்டை வேடம் போடும் மருந்து என்பது பின்னால் தெரிந்தது. ஜெர்மனியின் குரூனெந்தால் நிறுவனம் 1977இல் சந்தைக்குக் கொண்டுவந்த இது, அபின் வகை மருந்துகள் போய் ஒட்டும் நரம்பு ஏற்பிகளில் ஒட்டிக்கொள்கிறது. கூடவே மனச்சோர்வு மருந்துகள் செய்யும் வேலையையும் செய்கிறது. ஆகவே நிறுத்தும்போது உடம்பு இரண்டு கடன்களையும் ஒருசேரத் திருப்பிக் கேட்கிறது. கொட்டாவியும் வயிற்றுப்போக்கும் முதல் கடன். பயமும் மின்சாரமும் சிலருக்கு மட்டும் வரும் இரண்டாவது கடன். நாளாவட்டத்தில் படிப்படியாகக் குறைத்தால் இத்தனை வதை இல்லை. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், குறைத்துக் குறைத்துக் கொடுக்க மருந்தும் வேண்டும். பட்டியலில் ஏறிய மருந்தைக் கடைகள் கைகழுவிவிட்டதால் இரண்டாவதும் இல்லாமற்போயிற்று.

இதற்குத் தமிழில் என்ன பெயர்? மருத்துவத் துண்டறிக்கைகளில் ‘விலகல் அறிகுறிகள்’ என்று போடுகிறார்கள். யாரோ கட்சியிலிருந்து விலகியது போன்ற சொல். நாம் ‘உடல்’ பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம் - உடல் அரசியல், உடல் மொழி, ஒடுக்கப்பட்ட உடல், ஃபூக்கோவின் கீழ்ப்படியும் உடல். அந்தக் கட்டுரைகள் சிலவற்றுக்கு நானே மெய்ப்புத் திருத்தியவன். இந்த உடலைச் சொல்ல அவற்றில் ஒரு சொல் அகப்படவில்லை. சொல் கிடைத்தது வேறோர் இடத்தில்.

கண்ணகி நகரில் வீட்டுரிமைப் பிரச்சினைக்காக வேலை செய்த தோழர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். என் நிலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனவர், சாயங்காலம் ஒரு ஆட்டோக்காரரோடு திரும்பினார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. அவர் என்னிடம் வியாதி என்னவென்று கேட்கவில்லை. கை மயிரைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். “எத்தினி நாளு ஆச்சு சார்?” என்றார். மூன்று என்றேன். “ஒடம்பு கேக்குது. கேக்கும். இன்னிக்கும் நாளைக்கும்தான் பெரிய பேஜாரு. கம்முனு குந்து, நான் கீறேன்.”

ஒடம்பு கேக்குது. இந்த வாக்கியத்தில் எழுவாய் உடம்பு, நான் அல்ல. கேட்பது குற்றமும் அல்ல, பசிபோல ஒன்று. அந்த ஒரு வாக்கியம் எனக்குச் செய்ததை அடுத்த வாரம் பார்த்த மனநல மருத்துவரின் மாத்திரைகள் செய்ததோடு ஒப்பிட்டுச் சிறுமைப்படுத்த மாட்டேன். அவரும் வேண்டியிருந்தார், நன்றாகவே பார்த்தார். ஆனால் முதல் இரண்டு இரவு அங்கே இருந்தவர் அண்ணன்தான். உப்புப் போட்ட கஞ்சியை அரை டம்ளர் அரை டம்ளராகக் கொடுத்தார். கால் உதறும்போது வெந்நீர் ஊற்றினார். “தண்ணி எறங்கலேன்னாதான் ஆபத்து, அப்போ ஆஸ்பத்திரி, மத்தபடி இதுல சாவு இல்ல, சாவு மாதிரி” என்றார். டாக்டரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதைக்கூட அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

இந்த அறிவு எப்படிச் சேர்ந்தது என்று பிறகு தேடியபோது, அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரத்துக்குப் போய்ச்சேர்ந்தேன். 1935 மே மாதம் அங்கே ஒரு நிறுவனம் திறக்கப்பட்டது. பாதி சிறை, பாதி மருத்துவமனை, சுற்றிலும் வயல். மார்ஃபின், ஹெராயின் பழக்கத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களும் தாமாக வந்தவர்களும் அதில் இருந்தார்கள். கிளிஃப்டன் ஹிம்மெல்ஸ்பாக் என்ற மருத்துவர் அந்தக் கைதிகளுக்கு மருந்தை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் கவனித்து, கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், வியர்வை, கூச்செறிதல் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார். 1938இல் வெளியான அந்த அளவுகோலின் வழித்தோன்றல்களைத்தான் இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். 2003இல் வந்த, பரவலாகப் புழங்கும் பதினோரு அம்ச அளவுகோலிலும் கொட்டாவிக்கும் கூச்செறிதலுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. பரிசோதனைக்கு உடன்பட்ட கைதிகளுக்குப் பரிசாகப் போதை மருந்தே வழங்கப்பட்டது என்பது 1975இல் அமெரிக்கச் செனட் விசாரணையில் வெளிப்பட்டது. அதிகாரமும் அறிவும் ஒன்றையொன்று உற்பத்தி செய்வதற்கு இதைவிடத் துலக்கமான காட்சி வேண்டியதில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் நம் கோட்பாட்டாளர்களின் வழக்கம். அதே கட்டடத்தில் 1947இல் கைதிகளும் நோயாளிகளுமாகச் சிலர் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். லெக்சிங்டன் திறந்த அடுத்த மாதம், 1935 ஜூனில், ஓஹையோவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகளின் முயற்சியில் பிறந்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ முறையைத் தங்களுக்கு மாற்றி எடுத்துக்கொண்டார்கள். மதிப்பெண் போடப்பட்ட உடல்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டன. 1953இல் கலிஃபோர்னியாவில் ‘நார்காட்டிக்ஸ் அனானிமஸ்’ தனியாக உருவாயிற்று. அண்ணன் இதில் ஒன்றையும் படித்தவரில்லை. ஆனால் என் கை மயிரைப் பார்த்தாரே, அது ஹிம்மெல்ஸ்பாக் பார்த்த அதே இடம். பார்த்தபின் செய்ததுதான் வேறு.

இந்திய அரசுக்கு அபினோடு உள்ள உறவு நமக்குத் தெரிந்ததே. அபின் விற்ற பணத்தில் ஒரு பேரரசு நடந்தது. ஏலம் எடுத்த கடைகளில் உள்ளூரில் விற்றதும் அரசுதான். 1878ஆம் ஆண்டு அபின் சட்டம் அதை முறைப்படுத்தியது. இங்கிலாந்தின் அபின் எதிர்ப்பாளர்கள் எழுப்பிய கூச்சலால் 1893இல் பிராஸி பிரபு தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, 1895இல் ஏழு தொகுதிகளில் அறிக்கை வந்தது. தடை வேண்டாம் என்பது முடிவு. பழகியவர்களிடமிருந்து திடீரென்று பிடுங்கினால் துன்பப்படுவார்கள் என்பது தடைக்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதங்களில் ஒன்று. விலகலின் வதை அன்றைய ஆட்சியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது, வருவாயைக் காப்பாற்ற உதவும் அளவுக்கு! சுதந்திர இந்தியா 1959இல் பொதுமக்களுக்கு அபின் விற்பதை நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட பழைய ஆட்களுக்கு மட்டும் மருத்துவக் காரணம் காட்டி அளந்து கொடுத்தது. பதிவேட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோக, பதிவேடும் மெலிந்தது. காசிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகளுக்கு இன்றும் உரிமம் பெற்ற விவசாயிகளின் அபின் வருகிறது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு 1985. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்ட முன்வரைவு ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றத்துக்கு வந்தது, நவம்பர் 14இல் அமலுக்கு வந்தது. பத்தாண்டு குறைந்தபட்சத் தண்டனை, ஜாமீனுக்குப் பின்னால் வந்த முட்டுக்கட்டைகள் எல்லாம் நம் நண்பர்கள் பலருக்கும் தெரியும். எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. இந்தச் சட்டத்தின் அடிப்படை அலகு கிராம். 2001 திருத்தத்துக்குப் பின் குற்றத்தின் தரமே சிறு அளவா, வணிக அளவா, இடைப்பட்டதா என்று எடையால் தீர்மானமாகிறது. 39ஆம் பிரிவும் 64அ பிரிவும் சிகிச்சைக்குச் செல்பவருக்கு ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசலுக்கு அப்பால் படுக்கை உண்டா, மருந்து உண்டா என்பது தராசில் ஏறாத கேள்வி.

இதே தராசின் மறுபுறத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் எல்லா வலிநிவாரணியையும் ஒழிக்கச் சொல்கிறேன் என்று யாராவது வாசித்துவிடுவார்கள். 1985இல் இந்தியா மருத்துவத்துக்குப் பயன்படுத்திய மார்ஃபின் 716 கிலோ. 1997இல் அது 18 கிலோ. உரிமத்துக்கு மேல் உரிமம், ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதி. மருத்துவமனைகள் வாங்குவதையே விட்டுவிட்டன. அபின் விளையும் நாட்டில் புற்றுநோயாளிகள் கதறிக்கொண்டு செத்தார்கள். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய சகாக்களும் 1993இல் கோழிக்கோட்டில் வலிதணிப்பு மையத்தைத் தொடங்கிப் பல ஆண்டு போராடிய பிறகு, 2014 திருத்தம்தான் விதிகளைத் தளர்த்தியது. வலியால் துடிப்பவனுக்கு மருந்து மறுக்கப்பட்டதும், மருந்தால் துடிப்பவனுக்கு மருத்துவம் மறுக்கப்பட்டதும் ஒரே சட்டத்தின் கீழ்தான். இரண்டு பேரும் ஒரே அணியில் நின்றிருக்க வேண்டியவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

அண்ணனின் வாழ்க்கையை நான் எழுதப்போவதில்லை. அனுமதி கேட்டேன், “எம்பேரு வாணாம், எங்கூட்டு மேட்டரு வாணாம், மெட்ராஸ் மேட்டரு எழுது” என்றார். ஆகவே மெட்ராஸ் மேட்டர்.

1979இல் ஆப்கானிஸ்தானில் தொடங்கிய போரின் பின்விளைவாக எண்பதுகளில் பாகிஸ்தான் வழியாக வந்த ஹெராயின், இந்திய நகரங்களில் ‘பிரவுன் சுகர்’ என்ற பெயரில் இறங்கியது. சென்னை, சரக்கு கைமாறிப் போகும் துறைமுகமாகவும் இருந்தது, தங்கிவிடும் ஊராகவும் ஆயிற்று. காகிதத்தில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சரக்கு அரிதாகி விலை ஏறியபோது பலரும் ஊசிக்கு மாறினார்கள். அந்த ஊசியில் இருந்தது ஹெராயின் அல்ல, மருந்துக்கடையில் குப்பியாக விற்ற புப்ரினார்ஃபின் என்ற வலிநிவாரணி. நிழற்சந்தையிலிருந்து கிடைத்ததை நிறுத்தியவுடன் வெளிச்சச் சந்தையிலிருந்து வேறொன்று வந்தது. இந்தக் கட்டுரை முழுக்க இதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று வாசகர் சலித்துக்கொள்ளலாம். எனக்கும் சலிப்புதான்.

ஒரே ஊசி நாலு பேர் கைக்குப் போயிற்று. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், இதே சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேர்ந்து செய்த பரிசோதனையில். ஊசி போடுபவர்களைப் பற்றிச் சென்னையில் மனநல மருத்துவர் எம். சுரேஷ்குமாரும் மற்றவர்களும் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில் பத்தில் மூன்று பேருக்குத் தொற்று இருந்தது. அவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சவரிமுத்து காசநோய்க்காகக் கட்டிய அந்த மருத்துவமனை 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது, மற்ற இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பிய காலத்தில். “எங்க செட்டுல ஏழு பேரு. அஞ்சு பேத்த சானிடோரியத்துல வுட்டுட்டு வந்தேன்” என்றார் அண்ணன். ஆறாவது ஆள் சென்ட்ரல் ஜெயிலில் மூன்று மாதம் இருந்து, எதுவும் தொடாமல் சுத்தமாக வெளியே வந்து, அன்று ராத்திரியே பழைய அளவு போட்டுச் செத்துப்போனான். விலகி இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதை மருத்துவ நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. ஜெயில் வாசலில் அதை யாரும் சொல்வதில்லை.

அந்த வருஷங்களில் நான் எங்கே இருந்தேன்? தெருமுனைக் கூட்டங்களில் இருந்தேன். சிறுபத்திரிகைகளில் விளிம்புநிலை பற்றி விவாதித்துக்கொண்டிருந்தேன். வடசென்னையில் எங்கள் அமைப்பு வேலை செய்த பகுதியில் ‘பவுடர் பசங்க’ இருந்தார்கள். அவர்களைக் கூட்டத்துக்குள் விடவேண்டாம், லும்பன்கள், போலீசுக்குத் தகவல் சொல்வார்கள் என்று முடிவெடுத்த இரவு எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. போதைக்காரனைத் தகவலாளியாக்குவது போலீசின் பழைய உத்தி. ஆனால் ஒடம்பு கேட்கிற நேரத்தில் ஒருவன் எதைத்தான் விற்க மாட்டான்? அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் யாராவது இருந்தால் விற்காமலும் இருக்கலாம் என்பது எங்கள் வர்க்கப் பகுப்பாய்வில் வரவில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னேன். “நீங்க வுட்ருந்தாலும் உங்க நோட்டீஸ வித்துதான் துட்டு பண்ணிருப்போம்” என்று சிரித்தார்.

அப்போதும் சென்னையில் சிலர் வேறுவிதமாக இருந்தார்கள் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையும் அதன் அடையாறு மருத்துவமனையும் குடியை நோயாகப் பார்க்க ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தன. 1989இல் தஞ்சைப் பக்கம் மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திய முகாம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஊர்க்காரர்களையே சேர்த்து, ஊருக்குள்ளேயே, ஒரு தொகுதியாகக் குடியை நிறுத்த வைத்தார்கள். அறிந்தவர் முகத்துக்கு எதிரே நடுங்குவது அவமானமா, பலமா? இரண்டும்தான் போலிருக்கிறது. தொண்ணூறுகளில் சஹாய் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் தெருவில் இருந்தவர்களைத் தேடித் தெருவுக்கே போயின. போதையிலிருந்து மீண்டவர்கள்தான் இப்படிப்பட்ட வேலைக்கு ஏற்றவர்கள் என்பதும் தெளிவாயிற்று. வெள்ளைச் சட்டைக்காரர் போனால் ஓடுகிறவர்கள் இவர்களைக் கண்டால் நிற்பார்கள்.

பிறகு நகரம் அவர்களைத் தூக்கி எறிந்தது. 2000 முதல் கண்ணகி நகர், பின்னால் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கூவம், அடையாற்றங்கரை மக்களைச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து குவித்தார்கள். வேலை போயிற்று, பள்ளி போயிற்று என்று நாம் அறிக்கை எழுதினோம், சரிதான். கூட்டங்களும் போயின என்பதை எழுதவில்லை. ராயபுரத்தில் ஒரு தெரு தள்ளி இருந்த சினேகிதன் இப்போது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒடம்பு கேட்டால் நடந்துபோய்க் கதவைத் தட்ட முடியாது. அண்ணன் ஆட்டோ எடுத்த காரணங்களில் அதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

எறியப்பட்ட இடத்தில் வேறு வகை மையங்கள் முளைத்தன. உரிமம் இல்லாத ‘மறுவாழ்வு’ வீடுகள். குடும்பம் பணம் கட்டும். ராத்திரியில் நாலு பேர் வந்து ஆளைத் தூக்கிப்போவார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குப் பிறகும் இவை ஒழியவில்லை. 2022இல் ராயப்பேட்டையில் இப்படி ஒரு மையத்தில் இருந்தவர் அடிபட்டு இறந்தார். அங்கே விலகலுக்கு மருந்து கட்டையடி. அதில் வேலை பார்ப்பவர்கள் பலரும் மீண்டவர்களே என்பதைச் சொல்லாமல் விட்டால், சகதுயரர் உறவை நான் ஒரு புனிதக் கதையாடலாக ஆக்கிவிடுவேன். பட்டவனுக்குத்தான் தெரியும், பட்டவனுக்கு அடிக்கவும் தெரியும்.

ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் ஞாயிறு மாலை நடக்கும் தமிழ்க் கூட்டத்துக்கு அண்ணன் என்னை அழைத்துப்போனார். பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கட். பெயர் மட்டும் சொல்ல வேண்டும். ஊர், சாதி, வேலை தேவையில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. இயக்கக் கூட்டங்களில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு இந்த இரண்டு விதியும் எவ்வளவு கடினம் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குச் சிக்கல் அவர்களுடைய ‘மேலான சக்தி’. நான் கடவுள் மறுப்பாளன், எழுந்து போய்விடுவேன் என்றேன். அண்ணன் சொன்னார்: “மேலான சக்தின்னா இன்னா? உன்னவிட பெருசு ஏதோ ஒண்ணு. எண்ணிப் பாரு, உன்னத் தவுத்து இங்க பதினோரு பேரு. உன்னவிடப் பெருசா இல்லியா?” பெரியாரை வாசித்த எனக்கு இதற்கு மறுப்புத் தோன்றவில்லை.

மறுப்புத் தோன்றிய இடம் வேறு. நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரையைத் தினமும் மேற்பார்வையில் கொடுத்து, ஊசியிலிருந்து மெல்ல மீட்கும் மாற்று மருத்துவம் இந்தியாவில் 1993இல் டெல்லியில் தொடங்கியது. 2007க்குப் பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் கிடைத்தது. ஒரு காலத்தில் சென்னையைக் கொன்ற அதே மருந்து, வேறு வடிவில், வேறு கையில், மருந்தாயிற்று. அதை எடுத்துக்கொள்கிறவர்களைச் சில கூட்டங்கள் ‘இன்னும் சுத்தமாகாதவர்கள்’ என்று பார்க்கின்றன. சுத்தம், அசுத்தம்! இந்தச் சொற்கள் தமிழ்நாட்டில் எங்கிருந்து வருகின்றன என்பது நமக்குத் தெரியாதா? நாங்கள் இருந்த அறையில் இதற்காகச் சண்டை போட்டோம். ஒருவர் போய்விட்டார், திரும்பவில்லை. எங்களில் யார் சரி என்பதைவிட அவர் திரும்பவில்லை என்பதே எனக்கு உறுத்துகிறது.

அந்த அறையில் பெண்கள் இல்லை. ஒருநாள் ஓர் அம்மா வந்தார். யாருடைய மனைவியோ என்று நினைத்து, குடும்பத்தாருக்கு வேறு கிழமை என்றோம். “நான் அவருக்காக வரல” என்றார். பிரசவத்துக்குப் பின் வந்த இடுப்பு வலி, மாத்திரை, எட்டு வருஷம். இரண்டு வாரம் வந்தார், மூலையில் உட்கார்ந்தார். எங்கள் ஆம்பளைக் கதைகளில் - போலீஸ், ஜெயில், திருட்டு - அவர் கதை எங்கே ஒட்டும்? மூன்றாவது வாரம் வரவில்லை. 2019இல் மத்திய அரசும் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 2.06 பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். மருந்துக்கடை வகையை மட்டும் எடுத்தால் 0.96. அந்த அம்மா இதில் எண்ணப்பட்டாரா? வீட்டுக்கு வந்து கேட்கும் கணக்காளரிடம் மாமியார் முன்னால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

வரலாறு எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் இருக்கிறது. அடித்தளத்தாரின் குரலை மீட்பது என்று நாம் பேசுகிறோம். குரலுக்குரியவரோ பெயர் வேண்டாம் என்கிறார். பெயரின்மைதான் அந்த அறையின் சுவர், அதை இடித்தால் கூரை விழும். இதே சென்னையில் இதற்கு நேரெதிரான அரசியலும் நடந்திருக்கிறது. 1997இல் எச்.ஐ.வி. உள்ள பன்னிரண்டு பேர் சேர்ந்து தங்களுக்கென ஓர் இந்திய வலைப்பின்னலைத் தொடங்கினார்கள். அசோக் பிள்ளை தன் பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்து பேசினார். அடுத்த ஆண்டு கௌசல்யா பெண்களுக்கான அமைப்பைக் கட்டினார். பெயரைச் சொன்னதால் மருந்து கிடைத்தது, சட்டம் வந்தது. போதை மருந்துக்காரர்கள் பெயரைச் சொன்னால் வழக்கு வரும். எனவே ஒரே மருத்துவமனை வார்டில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் கிடந்த இரண்டு துயரங்களில் ஒன்றுக்கு இயக்கம் உண்டாயிற்று, மற்றதற்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மட்டும் மிஞ்சியது. நானும் இதில் என் பெயரைப் போடப் போகிறேனா என்று ஆசிரியர் கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.

டிரமடாலுக்குப் பூட்டுப் போட்டபின் டாபென்டடால் என்ற பெயர் அடிபடத் தொடங்கியது. அதுவும் வலிநிவாரணிதான். சென்னைப் பையன்கள் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள், அதில் இறந்தும்போகிறார்கள். 2025 பிப்ரவரியில், டாபென்டடாலும் கரிசோப்ரோடாலும் கலந்த மாத்திரை இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே தெருக்களை நாசமாக்குவது அம்பலமானபோது, அந்தக் கலவையின் உற்பத்தியையும் ஏற்றுமதியையும் மத்திய அரசு தடை செய்தது. மறுபடி வேதிப்பெயர், மறுபடி அறிவிப்பு.

போன மாதம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. பெரும்பாக்கத்தில் ஒரு பையன், பத்தொன்பது வயது, நீ போ என்றார். எட்டாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பையன் சுவரோரம் சுருண்டு கிடந்தான், கொட்டாவி விட்டுக்கொண்டு. அவனுடைய அம்மா என்னைப் பார்த்து டாக்டரா என்றார். இல்லை என்றேன். போலீஸா? இல்லை. அப்புறம் யாரு? பையன் தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தான், “எத்தினி நாளு சார்?” என்றான். நாளைக்கும் நாளை மறுநாளும் என்றேன். அதற்கடுத்த நாள் டாக்டரிடம் போக வேண்டும், நானும் வருவேன் என்றேன். அவன் அம்மாவிடம் வீட்டில் நொய் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.